டர்னரின் ஓவியங்களில் ஒளியும் பொருளும்

ஒரு கலைஞனை அவனுக்குப் பின்வந்தோரைக் கொண்டு அளக்கும் வழக்கம் திறனாய்வுலகில் வேரூன்றிய ஒன்றாகும். முன்னோடி என்னும் சொல் புகழ்மாலை போல் தோன்றும். சில வேளைகளில் அம்மாலையே விலங்காகவும் மாறிவிடும். முன்னோடி எனப் பெயர் பெற்றவன் தன் காலத்தில் எதைச் சொல்ல முயன்றான் என்பது மெல்ல மறைந்து, பின்வந்தவர்க்கு எதை விட்டுச் சென்றான் என்பது மட்டுமே எஞ்சி நிற்கும். இங்கிலாந்தின் புனைவியல் கால நிலக்காட்சி ஓவியருள் தலைசிறந்தவரான ஜோசப் மல்லார்டு வில்லியம் டர்னருக்கு நேர்ந்தது இதுவே எனலாம். நவீன ஓவியத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவோர் பலர். அப்புகழுரை எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் அது அவரை நம் கண்ணிலிருந்து மறைக்கின்றது என்பதை ஆராய்தல் கலை பயில்வோர்க்கும் இலக்கியம் பயில்வோர்க்கும் ஒருங்கே பயன் தரும்.

இளமையும் பயிற்சியும்

டர்னர் 1775ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் கோவன்ட் கார்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் முடி திருத்துபவர். பொய்ம்முடி செய்து விற்பதும் அவர் தொழில். மகன் சிறு வயதில் வரைந்த படங்களைத் தம் கடைச் சாளரத்தில் தொங்கவிட்டுச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றவர் அவர். தாயார் மனநோயால் துன்புற்று, 1800ஆம் ஆண்டில் பெத்லம் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1804இல் மறைந்தார். மகன் புகழ் பெற்ற பின்னர்த் தந்தையே அவருடைய ஓவியக்கூடத்து உதவியாளராகிக் கித்தான்களை விரித்துக் கட்டியும் வண்ணம் ஆக்கியும் 1829இல் தாம் இறக்கும்வரை உடனிருந்தார்.

டர்னர் 1789இல், பதினான்கு வயதில், ராயல் அகாடமியின் பள்ளியில் மாணவரானார். மறு ஆண்டே அவருடைய நீர்வண்ண ஓவியம் ஒன்று அகாடமியின் ஆண்டுக் கண்காட்சியில் இடம் பெற்றது. 1796இல் முதல் எண்ணெய் வண்ண ஓவியம். 1799இல் துணை உறுப்பினர் தகுதி. 1802இல், இருபத்தாறு வயதில், முழு உறுப்பினர் தகுதி. 1807இல் தொலைவையும் அண்மையையும் தளத்தின் மேல் வரைந்து காட்டும் இலக்கணத்தைக் கற்பிக்கும் பேராசிரியராகவும் அகாடமி அவரை அமர்த்தியது. மரபை உடைத்தவர் என்று பேசப்படும் ஒருவர், மரபின் கோயிலிலேயே கற்று, அதன் உள்மண்டபத்தில் அமர்ந்து, 1850 வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் அங்கேயே தம் படைப்புகளை வைத்தவர் என்பது கருதத்தக்கது. இலக்கணம் அறியாமல் அதை மீறியவர் அல்லர் அவர். பல ஆண்டுகள் அதைக் கற்பித்தவர்.

அவருடைய தொடக்கப் பயிற்சி, கோட்டைகளையும் தேவாலயங்களையும் பாழடைந்த மடங்களையும் உள்ளது உள்ளவாறே நீர்வண்ணத்தில் வரைவதாகும். கல்லின் வெடிப்பையும் வளைவின் கணக்கையும் அறிந்த அந்தக் கை, பிற்காலத்தில் கல்லையே ஒளியில் கரைத்துவிட்டது. கரைப்பதற்கு முன் அதை முழுவதும் அறிந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

நிலக்காட்சியின் தகுதி

அக்கால ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் ஓவிய வகைகளுக்கு ஏற்றத்தாழ்வு வகுத்திருந்தனர். சமயக் கதை, புராணம், வரலாறு ஆகியவற்றைத் தீட்டுவது உயர்ந்தது. மனிதர் உருவப்படம் அடுத்தது. மலையும் மரமும் தீட்டுவது தாழ்ந்த படியில் நின்றது. நிலம் மாந்தர் செயலுக்குப் பின்திரையே என்னும் எண்ணம் ஓங்கியிருந்தது. இந்நிலையை மாற்றி, நிலக்காட்சியும் காவியம் பாடும் ஆற்றல் உடையது என்று நிறுவுவதே டர்னரின் வாழ்நாள் முயற்சியாக அமைந்தது.

இதற்கு அவர் துணைக்கொண்ட முன்னோர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஓவியர் கிளாட் லொரேன். கிளாடின் துறைமுகக் காட்சிகளில் கதிரவன் நேர் எதிரே நின்று பார்ப்பவன் முகத்தில் ஒளி வீசுவதைக் கண்டு டர்னர் வியந்தார். 1815இல் அவர் வரைந்த ‘டைடோ கார்த்தேஜ் நகரை எழுப்புதல்’ என்னும் ஓவியம் அவ்வியப்பின் விளைவு. அதனையும் மற்றோர் ஓவியத்தையும் கிளாடின் இரு படங்களுக்கு அருகில் மாட்டவேண்டும் என்னும் நிபந்தனையோடு இலண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு எழுதி வைத்தார். முன்னோரோடு தோளொட்டி நிற்க விரும்பிய உள்ளம் அது.

1807 முதல் 1819 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட ‘லீபர் ஸ்டூடியோரம்’ என்னும் அச்சோவியத் தொகுதி தமிழ் பயில்வோர்க்குத் தனிச் சுவை தரக்கூடியது. அதில் நிலக்காட்சிகளை மலைநிலம், கடல்நிலம், மேய்ச்சல்நிலம், கட்டடம், வரலாறு எனப் பாகுபடுத்தி அமைத்தார். குறிஞ்சியும் நெய்தலும் முல்லையும் உடனே நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் ஒற்றுமையைவிட வேற்றுமையே இங்குப் பாடம் தருவது. தொல்காப்பியம் வகுத்த நெறியில் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிப்பொருள் ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. புலவனும் படிப்பவனும் அதை முன்னரே அறிவர். டர்னருக்கு அத்தகைய பொதுவுடைமை வாய்க்கவில்லை. ஒவ்வொரு படத்திலும் நிலத்துக்குரிய உணர்வைத் தாமே தேடிக் காணவேண்டியிருந்தது. படத்தோடு பட்டியலில் செய்யுள் வரிகளை அவர் அடிக்கடி சேர்த்து அச்சிடச் செய்ததும், ‘நம்பிக்கையின் ஏமாற்றங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் தாமே கவிதை வரிகள் எழுதிச் சேர்த்ததும் இத்தேடலின் விளைவே. அவ்வரிகள் கவிதை என்ற அளவில் மெலிந்தவை. ஆனால், பார்ப்பவன் வண்ணத்தோடு நின்றுவிடக்கூடாது, பொருளையும் நாடவேண்டும் என்று ஓவியர் விரும்பினார் என்பதற்கு அவை மறுக்கவியலாச் சான்றுகள்.

1812இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ‘பனிப்புயல்: ஹானிபாலும் அவன் படையும் ஆல்ப்ஸ் மலையைக் கடத்தல்’ இவ்வகையில் ஒரு திருப்புமுனை. தலைப்பில் பெயர் பெற்ற வீரன் படத்தில் கண்ணுக்கே புலப்படுவதில்லை. தொலைவில் ஒரு யானையின் சிறிய நிழலுரு மட்டும் தெரிகின்றது. கருமேகம் பெருஞ்சுழியாக வளைந்து படத்தின் பெரும்பகுதியை விழுங்குகின்றது. வீரர்கள் கீழே சிதறிக் கிடக்கின்றனர். வரலாற்று ஓவியத்தில் மாந்தன் வகித்த இடத்தை இங்கு வானம் எடுத்துக்கொண்டது. நெப்போலியன் உருசியாவின் மேல் படையெடுத்த அதே ஆண்டில் இப்படம் வெளிவந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், பேரரசர்களின் செருக்கைப் பற்றிய கூற்றாக அச்சுழி விளங்கும்.

வண்ணத்தின் வளர்ச்சி

1819இல் டர்னர் முதன்முறையாக இத்தாலிக்குச் சென்றார். வெனிஸ் நகரின் நீர்மேல் எழும் ஒளி அவருடைய வண்ணக்கலவையை மாற்றியது. நீர்வண்ணத்தில் வெண்தாளின் வெண்மை அடியிலிருந்து ஊடுருவி ஒளிரும். அந்த இயல்பை எண்ணெய் வண்ணத்துக்கும் கொண்டுவர அவர் முயன்றார். அக்காலத்தவர் கருமை சார்ந்த அடித்தளத்தின் மேல் தீட்டினர். அவரோ வெண்மையான அடித்தளத்தின் மேல் மெல்லிய வண்ணப் படலங்களைப் பரப்பினார். புதிதாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த குரோம் மஞ்சளை அவர் பெரிதும் கையாண்டார். அதற்காக ஏளனமும் செய்யப்பட்டார். நிலைக்காத சில சிவப்பு நிறங்களையும் விளைவு கருதாமல் பயன்படுத்தினார். அதனால் அவருடைய படங்கள் சிலவற்றில் செம்மை மங்கிவிட்டது. இன்று காணப்படும் டர்னர் முழுவதும் அன்று காணப்பட்ட டர்னர் அல்லர் என்பதைத் திறனாய்வாளர் நினைவில் கொள்ளவேண்டும்.

அவருடைய செவ்வானங்களுக்கு இயற்கைக் காரணம் கூறுவோரும் உளர். 1815இல் மலாய்த் தீவுக்கூட்டத்தின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் உலகெங்கும் பரவி மாலை வானத்தைச் சிவக்கச் செய்தன. பெரும் எரிமலை வெடிப்புகளை அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய ஓவியர் தீட்டிய கதிரவன் மறைவுக் காட்சிகளில் செம்மை மிகுந்திருப்பதாக ஏதென்ஸ் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை கூறுகின்றது. டர்னரின் படங்களும் அவ்வாய்வில் இடம் பெற்றன. இஃது அறியத்தக்க செய்தியே. ஆயினும் ஒரே வானத்தின் கீழ் வாழ்ந்த ஓவியர் பலருள் டர்னர் ஒருவரே வானத்தைத் தம் படங்களின் முதன்மைப் பாத்திரமாக்கினார். அதற்குரிய காரணத்தை எரிமலைத் தூசியில் தேடிப் பயனில்லை.

அவருடைய துணிவுக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி கூறப்படுவதுண்டு. 1832ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவருடைய சாம்பல் நிறக் கடற்காட்சி ஒன்று, ஜான் கான்ஸ்டபிளின் செந்நிறம் மிகுந்த படத்துக்கு அருகில் மாட்டப்பட்டிருந்தது. கண்காட்சிக்கு முன் ஓவியர்கள் படங்களுக்கு மெருகிடும் நாள்களில் டர்னர் வந்து, இரு படங்களையும் நோக்கி, தம் கடலின் நடுவே காசளவு செந்நிறப் பொட்டு ஒன்றை இட்டுச் சென்றார். பின்னர் அதனை மிதவையாக உருத்திருத்தினார். அந்த ஒரு பொட்டு பக்கத்துப் படத்தின் சிவப்பையெல்லாம் வெளிறச் செய்ததாம். வண்ணம் தனித்து நின்று பொருள் தருவதன்று. அருகிலுள்ளதனோடு உறவு கொண்டே அது பொருள் தருகின்றது. பிற்கால ஓவியர் நூல்களாக எழுதி விளக்கிய உண்மையை அவர் தூரிகை முனையால் காட்டிவிட்டார்.

காலத்தின் சான்று

புனைவியல் கலைஞர் நிகழ்காலத்தை வெறுத்துப் பழமையில் ஒளிந்தவர் என்று பொதுவாகக் கூறுவர். டர்னரைப் பொறுத்தவரை இக்கூற்று பொருந்தாது. 1834 அக்டோபர் 16 இரவில் இலண்டன் நாடாளுமன்றக் கட்டடங்கள் தீப்பற்றி எரிந்தபோது, தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்று கண்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். மறு ஆண்டில் அத்தீயை இரு பெரும் ஓவியங்களாக்கினார். 1805ஆம் ஆண்டு டிரபால்கர் போரில் பங்குகொண்ட ‘டெமரேர்’ என்னும் போர்க்கப்பலை 1838இல் உடைப்பதற்காக இழுத்துச் சென்றனர். அதையும் அவர் தீட்டினார். வெளிறிய பேய்போன்ற முதிய கப்பலைக் கரும்புகை கக்கும் சிறு நீராவிப் படகு இழுத்துச் செல்ல, பின்புறம் கதிரவன் மறைகின்றான். உண்மையில் அதை இழுத்தவை இரு படகுகள். பாய்மரங்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன. செய்தியை மாற்றி உண்மையை மிகுவித்தார் டர்னர்.

1844இல் வெளிவந்த ‘மழை, நீராவி, விரைவு’ தொடர்வண்டியைப் பாடுபொருளாக்கிய முதற்பெரும் ஓவியங்களுள் ஒன்று. மெய்டன்ஹெட் பாலத்தின் மேல் மழையைக் கிழித்துக்கொண்டு வண்டி வருகின்றது. அதன் முன்னே தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகின்றது. முயல் தப்புமா என்பதைப் படம் சொல்லவில்லை. எந்திர யுகத்தை வாழ்த்தினாரா வைதாரா என்று கேட்போர்க்கு இரண்டும் என்பதே விடை.

இத்தகைய படங்களை அக்காலத்தவர் பலர் ஏளனம் செய்தனர். 1842இல் அவர் வைத்த கடற்புயல் ஓவியத்தைச் சவர்க்கார நுரை என்றும் சுண்ணாம்பு நீர் என்றும் பழித்தனர். முதியவருக்குக் கண் கெட்டதோ அறிவு கெட்டதோ என்றும் எழுதினர். இப்பழிகளுக்கு விடையாக எழுந்ததே ஜான் ரஸ்கினின் ‘நவீன ஓவியர்கள்’ என்னும் பெருநூல். 1843இல் முதல் தொகுதியும் 1860இல் ஐந்தாம் தொகுதியும் வெளிவந்தன. ஓர் ஓவியருக்காக எழுதப்பட்ட வழக்குரைகளுள் இதற்கு இணையானது அரிது.

பின்வந்தோர் பெற்றவை

1851இல் டர்னர் மறைந்தார். புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உறவினர் தொடுத்த வழக்கு 1856இல் முடிவுற, சுமார் 300 எண்ணெய் வண்ண ஓவியங்களும் பல்லாயிரக்கணக்கான வரைவுகளும் நீர்வண்ணப் படங்களும் நாட்டுடைமையாயின.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. குளோட் மொனேயும் கமீல் பிசாரோவும் இலண்டனில் தங்கினர். டர்னர், கான்ஸ்டபிள் ஆகியோரின் படங்களைக் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் மொனே தீட்டிய ‘மனப்பதிவு: கதிரெழுச்சி’ 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, மனப்பதிவு ஓவியம் என்னும் இயக்கத்துக்கே பெயர் தந்தது. அதே கண்காட்சியில் டர்னரின் தொடர்வண்டி ஓவியத்தை அடியொற்றிப் பிராக்மோன் செய்த செதுக்கோவியமும் இருந்தது. 1898இல் போல் சின்யாக் டர்னரைப் பயிலவே இலண்டன் சென்றார். அதே ஆண்டு ஆன்றி மத்தீஸ், பிசாரோவின் அறிவுரைப்படி, தம் திருமணப் பயணத்தில் இலண்டன் சென்று டர்னரின் படங்களைக் கண்டார். இவை யாவும் உறுதியான தொடர்புகள்.

ஆயினும் இத்தொடர்புகளிலிருந்து மிகையான முடிவுகளுக்குத் தாவுதல் கூடாது. டர்னரும் கான்ஸ்டபிளும் தங்களுக்குச் சில கற்பித்தாலும் நிழலை நிறங்களாகப் பகுத்துக் காணும் அறிவு அவர்களிடம் இல்லை எனப் பிசாரோ பிற்காலத்தில் எழுதினார். மொனேயும் முதுமையில் டர்னரின் கட்டற்ற கற்பனை தமக்கு உவப்பானதன்று என்றார். இவற்றைக் கடன்பட்டவரின் மறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. காலக்கணக்கும் அவர்கள் பக்கமே நிற்கின்றது. இன்று டர்னரை நவீனர் எனக் காட்ட எடுத்துக்காட்டப்படும் படங்களுள் தலையாயது ‘நோரம் கோட்டை: கதிரெழுச்சி’. 1845ஐ ஒட்டித் தீட்டப்பெற்ற இப்படத்தில் நீலப் பனிமூட்டமாகக் கோட்டையும், பழுப்புத் தீற்றலாக ஒரு பசுவும், எஞ்சிய இடமெல்லாம் ஒளியுமே உள்ளன. ஆனால் இது முற்றுப்பெறாத படம். டர்னர் இதைக் காட்சிக்கு வைக்கவில்லை. 1906இல்தான் இது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 1870இல் இலண்டன் வந்த மொனே காணாத ஓர் ஓவியத்திலிருந்து அப்போது கற்றார் எனல் எவ்வாறு பொருந்தும்?

உண்மை மறுதலையாக அமைந்தது. மனப்பதிவு ஓவியம் மக்கள் கண்ணைப் பழக்கிய பிறகே, டர்னர் ஒதுக்கி வைத்த கித்தான்கள் காட்சிக்குரியவை எனக் கருதப்பட்டன. 1966இல் நியூயார்க் நவீன கலைக் காட்சியகம் லாரன்ஸ் கவுவிங் முன்னின்று அமைத்த டர்னர் கண்காட்சியை நடத்தியபோது, அரூப ஓவியங்களைக் கண்டு பழகிய கண்களுக்கு அவர் உடன்காலத்தவராகவே தோன்றினார். இந்த டர்னர் தம்மிடம் நிறையக் கற்றிருக்கின்றார் என்று மார்க் ரோத்கோ நகைச்சுவையாகக் கூறினாராம். அந்நகையில் ஆழ்ந்த உண்மை உண்டு. பின்வந்தோர் முன்னோரைப் படிக்கும் முறையையே மாற்றிவிடுகின்றனர்.

அடிமைக் கப்பலும் அடிக்குறிப்பும்

முன்னோடி என்னும் புகழ் எதை மறைக்கின்றது என்பதை ஓர் ஓவியம் தெளிவாகக் காட்டும். 1840இல் டர்னர் ‘அடிமைக் கப்பல்’ என்று சுருக்கமாக வழங்கும் படத்தைக் காட்சிக்கு வைத்தார். இறந்தோரையும் இறக்கும் நிலையில் உள்ளோரையும் அடிமை வணிகர் கடலில் எறிகின்றனர், புயல் வருகின்றது என்பது அதன் முழுத் தலைப்பின் பொருள். 1781இல் ‘சோங்’ என்னும் கப்பலில் 130க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் கடலில் எறியப்பட்டதும், கப்பலின் உரிமையாளர் அவர்களைச் சரக்காகக் கணக்கிட்டுக் காப்பீட்டுத் தொகை கேட்டதும், 1783இல் அது வழக்கு மன்றம் சென்றதும் வரலாறு. அக்கொடுமையே இப்படத்தின் பின்னணி எனப் பலரும் கருதுவர். அடிமை ஒழிப்புக்கான உலக மாநாடு இலண்டனில் கூடியதும் 1840இல்தான்.

படத்தில் கதிரவன் மறையும் வானம் குருதியும் பொன்னுமாக எரிகின்றது. கீழே, அலைகளுக்கு இடையில், விலங்கு பூட்டிய ஒரு கால் மேலே நீண்டு நிற்கின்றது. மீன்கள் மொய்க்கின்றன. முதலில் ஒளியைக் கண்டு மயங்கும் கண், பின்னரே அக்காலைக் காண்கின்றது. கண்டபின் அந்த ஒளியைப் பழையபடி காண இயலாது. அழகும் கொடுமையும் ஒரே வண்ணத்தில் தீட்டப்பட்டிருப்பதே இப்படத்தின் ஆற்றல்.

1844இல் இப்படம் ரஸ்கினுக்கு அவர் தந்தையின் அன்பளிப்பாகக் கிடைத்தது. ஆங்கில உரைநடையின் அணிகலன்களுள் ஒன்றாகப் போற்றப்படும் பகுதியொன்றில் அதன் கடலையும் வானத்தையும் ரஸ்கின் புகழ்ந்தார். டர்னரின் அழியாப் புகழுக்கு ஒரு படம் போதுமென்றால் அது இதுவே என்றார். ஆனால் அது அடிமைகளைக் கடலில் எறியும் கப்பல் என்னும் செய்தியை அவர் வைத்த இடம் அடிக்குறிப்பு! டர்னரை அனைவரினும் நன்கு அறிந்த திறனாய்வாளரே, வண்ணத்தை மேலே வைத்து மனிதரைக் கீழே இறக்கினார். கடலில் ஒருமுறை மூழ்கியவர்கள் ஏட்டில் மறுமுறை மூழ்கினர். அப்படத்தைத் தம் இல்லத்தில் வைத்திருக்க மனமின்றி அவர் பின்னர் விற்றுவிட்டதும் எண்ணத்தக்கது. 1899 முதல் அது பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் உள்ளது.

டர்னரும் குற்றமற்ற சான்றோராக நிற்கவில்லை. 1805இல் ஜமைக்காவில் அடிமை உழைப்பால் நடந்த ஒரு பண்ணைத் திட்டத்தில் அவர் நூறு பவுன் முதலீடு செய்திருந்தார். அதே கை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இப்படத்தைத் தீட்டியது. இப்படத்தோடு அவர் சேர்த்த வரிகள் நம்பிக்கையையும் சந்தையையும் ஒருங்கே பேசுகின்றன. இச்செய்தி படத்தின் தகுதியைக் குறைக்காது. அதன் சுமையைக் கூட்டும்.

முடிவு

ஒளியைப் பொருளாக உயர்த்தியது, வெண்மையான தளத்தால் வண்ணத்தை விடுவித்தது, எந்திரத்தையும் புகையையும் ஓவியத்துக்குரிய பொருளாக்கியது ஆகிய மூன்றும் நவீன ஓவியம் டர்னரிடமிருந்து பெற்ற மெய்யான செல்வங்கள். பொருளற்ற தூய வண்ணத்தை நாடினார் என்பதோ அவர்மீது பின்வந்தோர் ஏற்றிய விருப்பம். காட்சிக்கு வைத்த படங்கள் ஒவ்வொன்றுக்கும் தலைப்பிட்டு, பலவற்றுக்கு வரிகளும் சேர்த்து, பொருளை நாடுக என்று வேண்டியவர் அவர்.

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. செய்யுளின் ஓசையையும் உவமையையும் எடுத்துக்காட்டிவிட்டு, அது யாருடைய துயரைப் பேசுகின்றது என்பதை அடிக்குறிப்பில் தள்ளும் வழக்கம் வகுப்பறைகளுக்கும் புதிதன்று. நயம் பாராட்டல் என்பது நயத்தோடு நின்றுவிடுவதன்று. ‘அடிமைக் கப்பல்’ ஓவியத்தின் முன் நிற்கும் மாணவன் செவ்வானத்தைக் கண்டு வியக்கட்டும். அந்த வியப்பு அடங்குமுன் அலையிடையே நீண்டிருக்கும் காலையும் காணட்டும். இரண்டையும் ஒருசேரக் கண்டவனே டர்னரைக் கண்டவன்.